அகலப்படுத்துவதா, பைபாஸா, மேம்பாலமா? கல் நடுவதற்கு முன் ஒரு கணக்கு

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, காற்றாலை இறக்கை ஏற்றி வந்த டிரெய்லர் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் முக்கில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. இறக்கையின் நுனி மளிகைக்கடை போர்டில் முட்டிக்கொண்டிருந்தது. வண்டியின் முன்பக்கம் எதிர்சாரி பேக்கரி வாசலில். கோயமுத்தூர் பஸ், கரூர் பஸ், கறிக்கோழி வண்டி, நூல் மூட்டை ஏற்றிய டெம்போ, ஸ்கூல் வேன் என்று இரண்டு பக்கமும் வரிசை கட்டிவிட்டது. ஒன்றரை மணி நேரம். நம் பக்கத்தில் பேக்கரி என்றால் டீக்கடைதானே, அங்கே நின்ற கூட்டமே ஒரு கருத்துக்கேட்புக் கூட்டமாகிவிட்டது.

“ரெண்டு பக்கமும் இடிச்சு ரோட்டை அகலப்படுத்தோணும்” என்றார் ஒருவர். அவருக்கு ரோட்டோரத்தில் கடை கிடையாது. “பைபாஸ் போட்டாத்தான் விடிவு” என்றார் இன்னொருவர். அவருக்குக் காடு கிடையாது; எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம். “கோயமுத்தூர்ல மாதிரி மேலேயே பாலம் போட்டா யாருக்கும் சேதமில்லீங்க” என்றான் ஒரு காலேஜ் பையன். ஓரமாக நின்ற ரிட்டயர்டு பஸ் டிரைவர் மட்டும், “இந்த முக்கை நிமுத்தி, பஸ்ஸை ரோட்டுல நிக்க விடாம உள்ள அனுப்புனாலே பாதி சரியாப் போயிருமுங்க” என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம். கோவையிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் 81-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சூலூர் தாண்டினால் எந்த ஊர் முக்கில் நின்றாலும் இதே பேச்சு கேட்கும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். ட்ரோன் கூடப் பறந்தது. எந்த அறிவிப்பும் இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்குக் கடைவீதியில் வாடகைக் கடை ஒன்று உண்டு. ஊருக்குத் தெற்கே பங்காளிகளோடு சேர்ந்த காடும் உண்டு. கோடு எந்தப் பக்கம் போனாலும் எனக்கு நட்டம்தான் என்பதால், ஓரளவு நடுநிலையாகப் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் எண்ண வேண்டியது

ரோடு போதுமா போதாதா என்பதை வண்டிகளின் தலையை எண்ணிச் சொல்ல முடியாது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் கணக்கில் ஒரு கார் என்பது 1. பைக் 0.5. லாரியும் பஸ்ஸும் 3. டிரெய்லர் கோத்த டிராக்டர் 4.5. மாட்டுவண்டி 8. சமவெளியில் ஓடும் இருவழிச்சாலை நாளொன்றுக்கு இந்தக் கணக்கில் 15,000 வரை தாங்கும் என்று வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். தாண்டினால் நால்வழிப் பேச்சு தொடங்கும்.

ஒரு பேச்சுக்கு, ஊர் முக்கைத் தினமும் 1,500 லாரி, பஸ்களும் 3,000 கார்களும் 12,000 பைக்குகளும் கடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கனரக வண்டிகள் 4,500. கார்கள் 3,000. பைக்குகள் 6,000. மொத்தம் 13,500. எல்லையை நெருங்கியாயிற்று. இப்போது பைபாஸ் ஒன்று வந்து, லாரி பஸ்களில் 1,000-ம் கார்களில் பாதியும் அதில் போய்விடுகின்றன என்று கழித்துப் பாருங்கள். குறைவது 3,000 கூட்டல் 1,500, அதாவது 4,500. மீதி 9,000 ஊருக்குள்ளேயேதான் இருக்கும், ஏனென்றால் பைக்கில் வருபவர் சந்தைக்கும் பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறார். அவரை எந்த பைபாஸும் ஏற்றிக்கொள்ளாது.

எண்கள் மாறலாம், கணக்கின் போக்கு மாறாது. கடந்து போகும் வண்டி எத்தனை, ஊருக்கே வரும் வண்டி எத்தனை என்பதைப் பொறுத்துத்தான் வழியும் மாறும். திட்ட அறிக்கை தயாரிப்பவர்கள் ஏழு நாள் இரவு பகலாக வண்டிகளை எண்ணுவார்கள். ஒரு நாள் வண்டிகளை ஓரம் கட்டி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்றும் கேட்பார்கள். ஊர்க்காரர்கள் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டிய தாள் இதுதான். அந்த ஒரு நாள் சந்தை நாளா, முகூர்த்த நாளா, எந்த இடத்தில் நின்று கேட்டார்கள் என்பதிலேயே விடை பாதி மாறிப்போகும்.

அகலப்படுத்தல்

வெளிப்பார்வைக்குச் செலவு குறைவாகத் தெரியும் வழி. இருக்கிற 7 மீட்டர் தாரை இரண்டு ஏழாக்கி, நடுவில் டிவைடர், ஓரத்தில் சாக்கடை, அதற்கப்புறம் நடைபாதை. காகிதத்தில் இதற்கு மேல் எளிமை இல்லை. ஆனால் கடைவீதியில் ஒவ்வொரு மீட்டரும் ஒரு கடையின் முன்பாதி. பத்தடி எடுத்த பிறகு மிஞ்சும் எட்டடியில் கடை நடத்த முடியாது, ஆனாலும் அது கையகப்படுத்தாத இடமாகவே கணக்கில் நிற்கும். கட்டட உரிமையாளருக்கு இழப்பீடு வரும். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே பிழைத்துவரும் வாடகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதை நிரூபிக்க வாடகை ரசீதும் தொழில் உரிமமும் வேண்டும். எங்கள் வரிசையில் பாதிப் பேரிடம் வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான் இருக்கிறது, நான் உட்பட.

மரங்களும் போகும். ஈச்சனாரியிலிருந்து பொள்ளாச்சி வரை நால்வழி ஆனதைப் பார்த்தவர்களுக்குப் பழைய புளியமர நிழல் நினைவிருக்கும். இப்போது அரசு நிலத்தில் மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பது ஒரு பிடி. எந்த மரத்தை விடலாம் என்று ஊர்க்காரர்களே எண் போட்டுக் கொடுத்தால் அந்தக் குழுவுக்கும் வேலை எளிது.

எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் வேறு. அகலமான ரோட்டில் லாரி மெதுவாகப் போகாது. பள்ளிக்கூடமும் பஸ் ஸ்டாண்டும் எதிரெதிரே இருக்கும் ஊரில் நால்வழி போட்டால், டிவைடர் இடைவெளி வரை நடந்துபோய்த் திரும்பி வர யாருக்கும் பொறுமை இருக்காது. பைக்குகள் ராங் சைடில் வரும், பாட்டிகள் டிவைடரைத் தாண்டுவார்கள். ஐந்து நிமிடம் மிச்சப்படுத்த வந்த ரோடு உயிரை வாங்கும்.

மேம்பாலம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. ஜி.டி. நாயுடு பெயர் வைத்தார்கள். செலவு சுமார் 1,791 கோடி ரூபாய். கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 177 கோடி. வேலை தொடங்கியதிலிருந்து திறப்பு விழா வரை கீழே இருந்த கடைகள் தூசிக்கும் தடுப்புத் தகரத்துக்கும் பின்னால் இருந்தன. கோவைக்கு அது தேவைதான். இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரியும் கல்லூரியும் மில்லுமாக நிற்கும் சாலையில் இடம் எடுக்கவும் முடியாது, நகரத்துக்குள் போகும் வண்டிகளை வெளியே திருப்பவும் முடியாது. ஒன்றரை கிலோமீட்டர் கடைவீதி உள்ள எங்கள் ஊருக்கு அந்த உடுப்பு பொருந்தாது. கிணத்துக்கடவில் போட்டார்களே என்பார்கள். அங்கே போய்ப் பாலத்துக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து பேசட்டும். அப்புறம் எங்கள் ஊர்த் தேர் அந்த ரோட்டைக் குறுக்கே கடக்கிறது. பாலத்தின் உயரத்தை முடிவு செய்ய இன்ஜினியருடன் தேர்த் தச்சரையும் உட்கார வைக்க வேண்டிவரும்.

பைபாஸ்

ஆகப் பெரிய வழி. அதிகமாகப் பேசப்படுவதும், அரைகுறையாகவே புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

நம் பகுதியில் பைபாஸுக்குப் பாடம் படிக்க வேண்டுமென்றால் நீலாம்பூர்–மதுக்கரை சாலைதான். சுமார் 28 கிலோமீட்டர். சேலத்திலிருந்து கேரளா போகும் வண்டி கோவைக்குள் நுழையாமல் போகட்டும் என்று இருவழியாகப் போட்டார்கள். போட்ட காலத்தில் இரண்டு பக்கமும் காடுதான். அப்புறம் ஒரு டீக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கல்யாண மண்டபம், அப்புறம் சைட் விற்பனை போர்டுகள். சிந்தாமணிப்புதூர் போல ஒவ்வொரு பெரிய ரோடும் அதை வெட்டும் இடத்தில் வண்டிகள் திரள ஆரம்பித்தன. நகரம் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. பைபாஸ் என்று பெயர், நிற்பது ஊருக்கு நடுவே. இரண்டு விஷயங்களை முதலிலேயே செய்திருக்க வேண்டும். நால்வழிக்கான நிலத்தைத் தொடக்கத்திலேயே எடுத்திருக்க வேண்டும். ஓரத்து நிலத்திலிருந்து நேரே பைபாஸில் ஏற வழியில்லாமல் சர்வீஸ் ரோடு வழியாக மட்டும் ஏற விட்டிருக்க வேண்டும்.

அப்புறம் எந்தப் பக்கம்? எங்கள் ஊருக்கு வடக்கே பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனம். தென்னை, அவ்வப்போது மஞ்சள். தெற்கே மேட்டாங்காடு. சோளம், கொஞ்சம் முருங்கை, மீதி மேய்ச்சல். நிலத்தின் விலையை மட்டும் பார்த்தால் தெற்கேதான் மலிவு. வடக்கே போனால் தூரம் சற்றுக் குறையும், ஆனால் கிளை வாய்க்கால்களையும் மடைகளையும் குறுக்கே வெட்ட வேண்டும். மடை அடைபட்டால் கடைமடைக்காரருக்கு முறைத் தண்ணீர் வந்து சேராது. தெற்கே போகட்டும் என்றுதான் நானும் சொல்வேன். என் காடு அங்கேதான் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ரோடு நம்ம காட்டுல வந்தா வரட்டும் கண்ணு. கெணறு அந்தப் பக்கம், தோட்டம் இந்தப் பக்கம் ஆயிப்போச்சுன்னா தண்ணி எப்புடிடா வரும்?”

“குழாயைக் கீழ விட்டுக்கலாமுங்க பெரியப்பா.”

“யாரு விடுவா? ரோடு போட்டு முடிச்சாப்பறம் நாம போயி வெட்டுனா விட்டுருவாங்களா?”

அவர் சொன்னதுதான் விஷயம். கொங்கு நாட்டில் ஒரு கிணற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்துக்கு பைப் லைன் பதித்துத் தண்ணீர் கொண்டுபோவது சாதாரணம். அந்தக் குழாய்கள் எந்த வருவாய்த்துறை வரைபடத்திலும் இல்லை. புல வரைபடத்தை வைத்துக் கோடு போடுபவருக்கு அவை தெரியப்போவதில்லை. கட்டும்போதே சாலைக்கு அடியில் பெரிய குழாயாகப் பதித்துவிட்டால் அதற்குள் நம் பைப்பைச் சொருகிக்கொள்ளலாம். பிற்பாடு ஓடுகிற நெடுஞ்சாலையைக் கடக்க அனுமதி கேட்டு அலைய வேண்டும்.

இட்டேரியும் அப்படித்தான். இரண்டு பக்கம் கிளுவை வேலியோடு வளைந்து போகும் அந்த வண்டித்தடத்தில்தான் மாடும் டிராக்டரும் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள். பைபாஸ் அதை வெட்டும் இடத்தில் சுரங்கப்பாதை உண்டா, அது எவ்வளவு உயரம் என்று கேட்க வேண்டும். பெரிய வண்டிகளுக்கான பாதை 5.5 மீட்டர் உயரம் இருக்கும். சிறு வண்டிகளுக்கு என்றால் 4 மீட்டர்தான். சோளத்தட்டு உச்சிவரை அடுக்கிய டிராக்டர் அந்த 4 மீட்டரில் உரசிக்கொண்டுதான் போகும். மழை பெய்தால் தண்ணீர் எங்கே வடியும் என்பதும் அப்போதே கேட்க வேண்டிய கேள்வி. பள்ளமாகத் தோண்டிப் போட்ட சுரங்கப்பாதையில் ஐப்பசியில் இடுப்பளவுத் தண்ணீர் நிற்பதைப் பார்க்காதவர் யார்?

கடைவீதிக்காரர்களுக்கு இருக்கும் பயம் பஸ் பற்றியது. அது வீண் பயம் இல்லை. பைபாஸ் வந்த ஊர்களில் வெளியூர் பஸ்கள் உள்ளே வராமல் மேலேயே ஓடிவிடும், ராத்திரி பத்து மணிக்கு வந்தால் இருட்டில் இறக்கிவிடுவார்கள். போக்குவரத்துக் கழகமே பைபாஸ் ரைடர் என்று பெயர் வைத்து பஸ் விடுகிறது. எந்தெந்த பஸ் ஊருக்குள் வந்தே ஆக வேண்டும் என்பதைத் திட்டம் பேசும்போதே மாவட்ட நிர்வாகத்திடம் எழுதி வாங்க வேண்டும். ரோடு போடும் துறைக்கு அது சம்பந்தமில்லாத விஷயம், அவர்களிடம் கேட்டுப் பயனில்லை.

அந்த டிரைவர் சொன்னது

நான்காவது வழிக்குப் பெரிய பெயர் எதுவும் இல்லை. முக்கில் இருக்கும் இரண்டு கடைகளை மட்டும் எடுத்து வளைவை நிமிர்த்துவது, பஸ்ஸை ஸ்டாண்டுக்குள்ளேயே நிறுத்த வைப்பது, சரக்கு இறக்கும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றுவது, இடமிருந்தால் ஒரு ரவுண்டானா. கோவையில் சமீப ஆண்டுகளில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு யூ டர்னும் ரவுண்டானாவும் வைத்துப் பார்த்தார்கள். திட்டித் தீர்த்தவர்களும் உண்டு, பாராட்டியவர்களும் உண்டு. ஆனால் மணல் மூட்டையை வைத்து ஒரு வாரம் சோதித்துவிட்டு, சரிப்படவில்லையென்றால் எடுத்துவிடலாம். மேம்பாலத்தை அப்படி எடுக்க முடியாது.

மேலே போட்ட கணக்கில் பைபாஸ் வந்த பிறகும் 9,000 ஊருக்குள்ளேயே நின்றதல்லவா? அப்படியானால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வேலை பாக்கி இருக்கிறது. அதனால் இதை முதலில் செய்துவிட்டு, பைபாஸை ஊருக்குத் தெற்கே, நால்வழிக்கான நிலத்தோடு கேட்பது என்பதே என் கட்சி. அகலப்படுத்தல் கடைவீதியில் வேண்டாம், ஊருக்கு வெளியே இரண்டு முனையிலும் இருக்கட்டும். மேம்பாலம் வேண்டவே வேண்டாம்.

எப்போது வாய் திறப்பது

நம்மவர்கள் பெரும்பாலும் சர்வே கல் நட்ட பிறகுதான் கூடுகிறார்கள். அதற்குள் சட்டம் வேறு அறைக்குப் போய்விட்டிருக்கும். 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ பிரிவின் கீழ் அரசிதழில் அறிவிக்கை வரும். இரண்டு நாளிதழ்களில் சாரம் வெளியாகும், ஒன்று தமிழில். அரசிதழ் தேதியிலிருந்து 21 நாளுக்குள் நில எடுப்பு அதிகாரியிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும், நேரில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆனால் அந்த ஆட்சேபம் உங்கள் நிலத்தை அந்தப் பயன்பாட்டுக்கு எடுப்பது பற்றியது. வடக்கா தெற்கா, பைபாஸா ரவுண்டானாவா என்ற கேள்விக்கெல்லாம் அங்கே அதிக இடமில்லை. அடுத்து 3டி அறிவிப்பு வந்தால் நிலம் மத்திய அரசுடையது. மிச்சம் இருப்பது பணக் கணக்குதான். அதிலும் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். சாலை நிலத்தை இரண்டாகப் பிரித்ததால் மீதி நிலத்துக்கு ஏற்பட்ட சேதத்தையும் 3ஜி பிரிவில் தனியாகக் கேட்கலாம். கிணறு ஒரு பக்கமும் தோட்டம் ஒரு பக்கமும் ஆகிப்போனவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொது விசாரணை இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம் 100 கிலோமீட்டரைத் தாண்டி, குறிப்பிட்ட அகலத்துக்கு மேல் நிலமும் எடுத்தால்தான் அந்த அனுமதியே வேண்டும். ஒரு ஊரின் பைபாஸ் அதற்குள் வராது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் போடும் சாலைகளில் மக்களிடம் பேசியதைப் பதிவு செய்வது கடன் நிபந்தனையாகவே வரும். மற்றவற்றில் நாம்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

தட்ட வேண்டிய நேரம், திட்ட அறிக்கை தயாரிப்பவர்கள் இரண்டு மூன்று பாதைகளை வரைந்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் காலம். பத்து ரூபாய்க்குத் தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். பாதை ஒப்பீட்டையும் வண்டி எண்ணிக்கையையும் நகல் கேளுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. பைபாஸ் கேட்பது பேரூராட்சிக் கடைவீதி, நிலம் போவது சுற்றுக் கிராம ஊராட்சிகளில். யாரைப் பொதுமக்கள் என்று எடுத்துக்கொள்வது? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். கடைவீதிக்காரர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, குழாயையும் இட்டேரியையும் பற்றிக் காட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டு, இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரே தாளில் தீர்மானம் எழுதினால் அதற்குத் தனி மதிப்பு. பிரிந்து நின்றால் இரண்டு மனுவையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்து மூடிவிடலாம்.

பேசாமல் போனால் திட்டத்துக்கும் நட்டம்தான். சேலம்–சென்னை எட்டுவழிச்சாலை 277 கிலோமீட்டருக்கு 2018-இல் அளவெடுக்க வந்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. சாலை வந்தபாடில்லை.

எங்கள் தரப்பில் முதல் வேலை தொடங்கிவிட்டது. பெரியப்பா தெரிந்த பைப் லைன்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார், புல எண்ணோடு. வரும் ஞாயிற்றுக்கிழமை சந்தை. அன்றிலிருந்து ஏழு நாள் பேக்கரி மாடியில் பையன்கள் முறை வைத்து உட்கார்ந்து வண்டி எண்ணப் போகிறார்கள், அந்த டிரைவர்தான் மேற்பார்வை. டீ குடிக்க நிறுத்தும் லாரிக்காரர்களிடம் எங்கே போகிறீர்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்வதாக ஏற்பாடு. மாடியை பேக்கரிக்காரர் சும்மாவே தருகிறார். டீக்கு மட்டும் காசு கேட்கிறார்.